விளையாட வாங்கிய பழைய பாவைப்பிள்ளைகள்: எவற்றை வைத்திருப்பது, எவற்றை விடுவது?

திருகோணமலை உவர்மலையில் இருந்து நீங்கள் அனுப்பிய கேள்வியின் சாரம் இது. எட்டு வயது மகளும் ஐந்து வயதுப் பெறாமகளும் விளையாடுவதற்கென்று, பழைய சாமான் விற்பவர்களிடம் வாங்கியும் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பொதிகளில் வந்தும் சேர்ந்த பாவைப்பிள்ளைகள் நாற்பதைத் தாண்டிவிட்டன. அலுமாரியில் இடமில்லை. இரண்டு பெரிய பொம்மைகளில் புளித்த மணம் வருகிறது, சிலவற்றின் கால்கள் கையில் ஒட்டுகின்றன, ஒன்றின் கைகள் கழன்று விழுந்துவிட்டன. முதுகில் 1966 என்று பொறித்த பார்பிகள் பெறுமதியானவை என்று யாரோ சொன்னதிலிருந்து அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கத் தயங்குகிறீர்கள். உங்கள் மாமியின் பொம்மை ஒன்றும் இவற்றின் நடுவே இருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளையாடுவதற்காகச் சேர்த்த பொம்மைகளைத் தெரிவு செய்யும்போது, அவை எந்தப் பொருளால் செய்யப்பட்டவை என்பதை முதலிலும், பிள்ளைகளின் கை எதைத் தேடிப் போகிறது என்பதை அடுத்ததாகவும் பாருங்கள். வயதும் விலையும் கடைசியில் வந்தால் போதும். பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, பழையது என்பதற்காகவே ஒன்றை வைத்திருந்து, அது கெட்டுப்போகும்போது பக்கத்தில் உள்ளவற்றையும் கெடுப்பதைக் கவனிக்கத் தவறுகிறார்கள். கடற்காற்றும் ஈரமும் வெக்கையும் சேர்ந்த எங்கள் ஊரில் அந்தத் தவறின் பலன் விரைவாகவே தெரிந்துவிடும்.

இங்குள்ள வீடுகளில் அகப்படும் பொம்மைகள் எந்தக் காலத்தவை என்பதை ஊரின் வரலாற்றைக் கொண்டே பெரும்பாலும் ஊகிக்கலாம். பிரித்தானியக் கடற்படை 1957 இல் தளத்தைக் கையளித்துவிட்டுப் போகும்வரை டொக்யார்ட் எனப்படும் தளப் பகுதியிலும் சீனக்குடாவிலும் ஆங்கிலேயக் குடும்பங்கள் வாழ்ந்தன. அந்தக் காலத்துப் பொம்மை என்று யாராவது ஒன்றைக் காட்டினால், அது கண் மூடித் திறக்கும் கடினப் பிளாஸ்டிக் பொம்மையாகவோ செலுலோயிட் பொம்மையாகவோ இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தபடியால் வெளிநாட்டு விளையாட்டுப் பொருட்கள் கடைகளுக்கு வருவது அரிதாக இருந்தது. 1977 இன் இறுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னரும், மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் பெட்டிகளோடு திரும்பத் தொடங்கிய பின்னருமே பொம்மைகள் பெருகின. ஆகவே 'மிகப் பழையது' என்று சொல்லி உங்களுக்கு விற்கப்பட்டவற்றில் பெரும்பங்கு எண்பதுகளைச் சேர்ந்தவையாக இருக்கும். அதில் ஏமாற்றம் கொள்ள ஒன்றுமில்லை. விளையாட்டுக்கு ஏற்ற பழைய பொம்மைகள் அந்தக் காலத்தவைதான்.

1966 என்ற பொறிப்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம், ஏனெனில் உங்கள் தயக்கத்துக்கு அதுவே காரணம். அந்த ஆண்டு, உடலின் வார்ப்புக்கு, பார்பியைச் செய்யும் மட்டெல் நிறுவனம் உரிமை பதிந்த ஆண்டைக் குறிக்கிறது. பொம்மை செய்யப்பட்ட ஆண்டை அது சொல்வதில்லை. அதே பொறிப்புள்ள உடல்கள் தொண்ணூறுகளிலும் வெளிவந்தன. தலையின் பின்புறம், கழுத்து விளிம்புக்கு அண்மையில் 1976 என்று இருந்தால், அது 1977 இல் அறிமுகமான, பல் தெரியச் சிரிக்கும் 'சூப்பர்ஸ்டார்' முகத்தின் வார்ப்பு. அந்த முகமும் இருபது ஆண்டுகளுக்கு மேல் பயன்பாட்டில் இருந்தது. ஆண்டைவிட நாட்டின் பெயரே நல்ல தடயம். தொடக்ககால பார்பிகள் ஜப்பானில் செய்யப்பட்டவை. எழுபதுகளின் தொடக்கத்தோடு அது முடிவுக்கு வந்து, தைவான், ஹொங்கொங், கொரியா, பிலிப்பைன்ஸ் என்று இடம் மாறி, பின்னர் மலேசியா, சீனா, இந்தோனேசியா என்று போனது. உங்கள் நிழற்படத்தில் தெரியும் இரண்டிலும் மலேசியா என்றே இருக்கிறது. அவற்றைத் தாராளமாகப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

சேகரிப்பாளர்கள் பெருந்தொகை கொடுக்கும் முதல் பார்பி 1959 மார்ச்சில் நியூயோர்க் விளையாட்டுப் பொருட் கண்காட்சியில் வெளியானது. கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நீச்சலுடை, கண்மணியைச் சுற்றி நிறம் தீட்டாமல் வெள்ளையாகவே விடப்பட்ட வளையம், கூர்ந்து வளைந்த புருவம் ஆகியவை அதன் அடையாளங்கள். எல்லாவற்றிலும் உறுதியானது, தாங்கியில் செருகுவதற்காகப் பாதங்களின் அடியில் விடப்பட்ட துளையும் அதற்குள் இருக்கும் செப்புக் குழாயும். அடுத்த முறை யாராவது 'முதல் பார்பி' என்று சொல்லி விலை ஏற்றினால் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

இனிப் பொருளுக்கு வருகிறேன். பிரித்து வைக்கும்போது பொம்மைகளை ஒரு பழைய வேட்டியில் பரப்பி, பகல் வெளிச்சத்தில், ஒவ்வொன்றாக மூக்கருகே கொண்டுபோய் மணந்து பாருங்கள். இது வேடிக்கையாகத் தோன்றலாம், ஆனால் பழைய பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை கண்ணைவிட மூக்கு முந்திக்கொள்ளும்.

கற்பூர மணம் வந்தால் அது செலுலோயிட். மெல்லிய, எடையற்ற, நகத்தால் தட்டினால் வெறுமையாக ஒலிக்கும் சிறு குழந்தைப் பொம்மைகள் பல இந்த வகை. ஜப்பானிலும் ஜெர்மனியிலும் இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பெருமளவில் செய்யப்பட்டவை. மணம் தெரியாவிட்டால் கட்டைவிரலால் ஓரிடத்தைச் சற்று நேரம் அழுத்தித் தேய்த்துவிட்டு மணந்து பாருங்கள். சூடாக்கிய ஊசியால் குத்திப் பார்க்கும் முறையைச் சிலர் சொல்லித் தருவார்கள். அதை ஒருபோதும் செய்ய வேண்டாம், ஏனெனில் செலுலோயிட் நைத்திரேற்றிய செலுலோசால் ஆனது, தீப்பொறி பட்டால் நொடியில் பற்றி எரிந்துவிடும். பழைய சாமான்காரரிடம் வாங்கியதாக நீங்கள் எழுதிய சிறு பொம்மை இதுவாகத்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளின் கைக்கு அது ஏற்றதில்லை. நவராத்திரிக்குக் கொலுவில் வைக்கும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்; விளக்கும் கற்பூரமும் எரியும் சுவாமி அறைக்குள் அதைக் கொண்டுபோகவே கூடாது.

புளித்த, வினாகிரி போன்ற மணம் வந்தால் அது செலுலோசு அசற்றேற்று என்னும் கடினப் பிளாஸ்டிக். நாற்பதுகளின் இறுதியிலும் ஐம்பதுகளிலும் பெடிகிரி போன்ற பிரித்தானிய நிறுவனங்கள் செய்த பெரிய பொம்மைகளில் இந்தக் குறையைப் பரவலாகக் காணலாம். காற்றிலுள்ள ஈரம் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும்போது அசற்றிக் அமிலம் வெளிப்படுகிறது. வெளிப்பட்ட அமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. அதனால் ஒருமுறை தொடங்கியது நிற்பதில்லை. முதலில் மணம் வரும், பிறகு மேற்பரப்பு வியர்க்கும், கண்ணின் இரும்புப் பாகங்கள் துருவேறும், கடைசியில் உடல் முறுகி வெடிக்கும். இதற்கு மருந்து கிடையாது. அந்த ஆவி பக்கத்திலுள்ள அதே வகைப் பொம்மைகளிலும் சிதைவைத் தூண்டிவிடும் என்பதால் உங்கள் இரண்டு பெரிய பொம்மைகளையும் இன்றைக்கே அலுமாரியிலிருந்து வெளியே எடுங்கள். பொலித்தீன் பைக்குள்ளோ இறுக மூடும் பெட்டிக்குள்ளோ போட்டால் அமிலம் உள்ளேயே தேங்கி நிலைமை மோசமாகும்; காற்றோட்டமான நிழலில், மற்றவற்றிலிருந்து விலக்கி வையுங்கள். ஒன்றில் மணம் மட்டும் இருப்பதாகவும் மற்றதில் தோள் வெடித்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். வெடித்ததை விட்டுவிடலாம். மற்றதை நிழற்படம் எடுத்து வைத்துக்கொண்டு, இன்னும் சில காலம் தனியே வைத்துப் பார்க்க விரும்பினால் பாருங்கள், ஆனால் பிள்ளைகள் கையாளும் பொருளாக இனி அதை எண்ண வேண்டாம்.

மூன்றாவது வகைதான் உங்களிடம் அதிகம் இருக்கும்: பிவிசி எனப்படும் மென்மையான வைனைல். ஐம்பதுகளின் பிற்பகுதியிலிருந்து பொம்மை உலகை ஆண்டது இதுவே. தன்னளவில் விறைப்பான இந்தப் பிளாஸ்டிக்கை இளக்குவதற்காக எண்ணெய்த் தன்மையுள்ள ஒரு பொருளைச் சேர்த்திருப்பார்கள். பொரித்த பலகாரத்திலிருந்து கடதாசிக்கு எண்ணெய் ஊறுவதைப் போல, அது ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பரப்புக்கு ஊறி வரும்போதே கால்கள் பிசுபிசுக்கின்றன. இளஞ்சூட்டு நீரில் சிறிது சவர்க்காரம் கரைத்து, மென்துணியால் துடைத்து, உடனே உலர்த்தினால் சில மாதங்களுக்குச் சரியாக இருக்கும். பிறகு மீண்டும் வரும், மீண்டும் துடைக்க வேண்டியதுதான். மாப்பூச்சு தடவி மறைப்பது விற்பனைக்காரரின் வேலை. நீங்கள் வாங்கும்போது ஒரு பொம்மையின் கால்கள் மட்டும் புதிதாகப் பவுடர் பூசியவை போல இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

பிசுபிசுப்புள்ள வைனைல் வேறு கடினப் பிளாஸ்டிக்கில் பட்டுக்கொண்டு கிடந்தால் அதையும் இளக்கிவிடும். பொம்மைப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் கதிரையோடும் குதிரையோடும் போட்டுவைத்த கால்கள் அவற்றோடு ஒட்டி, பிரிக்கும்போது கதிரையில் கால் வடிவில் ஒரு குழி இருப்பதைக் காணலாம். சிவப்பு, கருநீலத் துணிகளின் சாயமும் வைனைலுக்குள் இறங்கிவிடும், அதன் பிறகு கழுவி எடுக்க முடியாது. கஞ்சி போடாத, பலமுறை தோய்த்த வெள்ளைப் பருத்தித் துணியே இதற்குச் சரியான உறை.

இங்கே பிள்ளைகளின் பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளக்கியாகப் பயன்பட்ட தலேற்று வகைப் பொருட்கள் சிலவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 1999 இலும் அமெரிக்கா 2008 இலும் சிறுவர் விளையாட்டுப் பொருட்களில் கட்டுப்படுத்தின. அவற்றுக்கு முன் வந்தவை அந்த விதிகளுக்கு உட்படாதவை. பழைய பிளாஸ்டிக்கின் நிறங்களிலும் உறுதிப்படுத்திகளிலும் ஈயம், கட்மியம் போன்ற உலோகங்களும் இருந்திருக்கக்கூடும். கண் மூடித் திறக்கும் பழைய பொம்மைகள் பலவற்றின் தலைக்குள், கண்ணைச் சாய்க்கும் எடையாக ஈயத்துண்டு தொங்கும். எட்டு வயதுப் பிள்ளை பொம்மைக்குச் சட்டை மாற்றிவிட்டுக் கை கழுவினால் அவளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. வாயில் வைத்துக் கடிக்கும் வயதுப் பிள்ளைக்கு எந்தப் பழைய வைனைல் பொம்மையையும் கொடுக்கக் கூடாது. ஐந்து வயதுக்காரி பொம்மையின் கையைச் சப்பும் பழக்கம் உள்ளவளா என்பது உங்களுக்குத்தான் தெரியும்; அப்படியானால் அவளுக்குத் துணிப் பொம்மையோ புதிய பொம்மையோ போதும்.

எண்பதுகளுக்குப் பிந்திய பார்பி வகைப் பொம்மைகளில் உடலுக்கு ஏபிஎஸ் என்ற கடினப் பிளாஸ்டிக்கும், கைகளுக்கு ஒரு வகை இறப்பர் போன்ற பொருளும், தலைக்கும் கால்களுக்கும் வைனைலும் பயன்பட்டன. தாங்குதிறனில் இவற்றுக்கு ஈடு இல்லை. முழங்கால் மடியும் கால்கள் 1965 இல் வந்தன; அந்தத் தொடக்ககாலக் கால்களுக்குள் இருக்கும் பொறிமுறை வயதேறி உடையக்கூடியது என்பதால் அறுபதுகளின் மடிகால் பொம்மையைப் பிள்ளை கையில் கொடுத்தால் ஒரே மாதத்தில் நொண்டியாகிவிடும். பிந்தியவை பரவாயில்லை. மரத்தூளும் பசையும் கலந்து வார்த்த இன்னும் பழைய பொம்மைகள் உங்களிடம் இல்லை என்பது நல்லதே. ஒரு மாரி கழிந்தாலே அவற்றின் பூச்சு வெடித்து உரியத் தொடங்கும்.

பொருளைப் பார்த்து விலக்க வேண்டியவற்றை விலக்கினாலே நாற்பது முப்பதுக்கு வந்துவிடும். அடுத்த தெரிவைப் பிள்ளைகள் செய்யட்டும், ஆனால் அவர்களிடம் கேட்காதீர்கள். கேட்டால் எல்லாம் வேண்டும் என்பார்கள். அதுவும் ஒருத்தி வேண்டாம் என்றதை மற்றவள் அந்த நொடியே கட்டிப்பிடித்துக்கொள்வாள். பத்துப் பன்னிரண்டை மட்டும் வெளியே வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை பாதியை மாற்றிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருங்கள். விளையாடப்படும் பொம்மைக்கு அடையாளங்கள் உண்டு: அதன் தலைமுடி எப்போதும் கலைந்திருக்கும், அதன் சப்பாத்து ஒன்று தொலைந்திருக்கும், அதற்குப் பெயர் இருக்கும். பெயர் வைக்கப்படாத பொம்மை அலுமாரிக்குத் திரும்பினாலும் யாரும் தேடுவதில்லை என்பதை நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பொம்மை விளையாட்டுக்கு உகந்தது என்பதில் பெரியவர்களின் கணிப்பு பெரும்பாலும் பிழைத்துப் போகும். அழகான முகத்தை நாங்கள் பார்க்கிறோம். பிள்ளை பார்ப்பது அது உட்காருமா, கையில் எதையாவது பிடிக்குமா, தானே சட்டை மாற்ற முடியுமா என்பதை. ஆகவே அளவு ஒத்த பொம்மைகளை வைத்திருப்பது நல்லது. பதினொன்றரை அங்குலப் பார்பிகள் ஆறேழு இருந்தால் ஒரே சட்டைத் தொகுதியை எல்லாவற்றுக்கும் மாற்றி மாற்றிப் போடலாம். லண்டனிலிருந்து பெரியம்மா அனுப்பிய சிண்டி, 1963 முதல் பெடிகிரி நிறுவனம் செய்த பொம்மை. உயரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்றாலும் தலை பெரிது, மார்பு சிறிது, பாதமும் பெரிது, ஆகையால் பார்பியின் சப்பாத்து அதற்கு ஏறாது. தனியொன்றாக இருந்தாலும் அதை வைத்திருங்கள். சிறுமியின் முகமுள்ள பொம்மை விளையாட்டில் தங்கையாகவோ மகளாகவோ இடம் பிடித்துக்கொள்ளும்.

சட்டை விடயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. பொம்மையோடு வந்த அசல் உடையை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். அரிதான உடை என்றால் கழற்றி, துணியில் சுற்றி, வேறாக வைத்துவிடுங்கள். மற்றபடி தையற்காரரிடம் மிஞ்சும் பட்டுத் துண்டை வாங்கி, இடுப்பில் இலாஸ்டிக் நாடா ஓட்டிய ஒரு பாவாடையும், பின்னால் ஒரே ஒரு அழுத்துப் பொத்தான் வைத்த சட்டையும் தைத்துக் கொடுங்கள். ஐந்து வயது விரல்களுக்குக் கொக்கி முடியாது, சிறிய பொத்தானும் முடியாது. அழுத்துப் பொத்தான் முடியும். அதற்குப் பிறகு அந்தப் பொம்மைக்குக் கல்யாணம் நடக்கும், தேர்த்திருவிழாவுக்குப் போகும், பத்திரகாளி அம்மன் கோயில் வாசலில் கச்சான் வாங்கும். நீச்சலுடையோடு நின்றால் இவற்றுக்கெல்லாம் எப்படிப் போவாள்?

இன்னுமொன்று. உங்கள் நிழற்படத்தில் உள்ளவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் முடியும் வெளிர் தோலும் கொண்டவை. கறுத்த, மண்ணிறத் தோலுள்ள பொம்மை எது இருந்தாலும், சிறு குறை இருந்தாலும்கூட, அதை விட வேண்டாம் என்பது என் ஆலோசனை. மட்டெல் 1968 இல் கிறிஸ்டி என்ற கறுப்பினத் தோழியை வெளியிட்டது. பார்பி என்ற பெயரிலேயே கறுப்பினப் பொம்மை வந்தது 1980 இல்தான். இந்தியாவில் லியோ நிறுவனம் சீலை உடுத்திச் செய்தவையும் உண்டு. இவை எங்கள் பக்கத்துக்குக் குறைவாகவே வந்தன, விட்டுவிட்டால் மறுபடி கிடைப்பது கடினம். எல்லா வீட்டுக்காரரும் வெளிர் நிறமாகவும் வேலைக்காரி மட்டும் கறுப்பாகவும் விளையாடப்படும் விளையாட்டை ஒருமுறை பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை நான் விளக்கத் தேவையில்லை.

ஒரே மாதிரி இரண்டு மூன்று இருந்தால் நல்ல ஒன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றில் ஒன்றை உதிரிப் பாகங்களுக்காகச் சப்பாத்துப் பெட்டி ஒன்றில் போட்டுவிடுங்கள். கழுத்து வெடித்த தலைக்கும் கால் உடைந்த உடலுக்கும் மாற்று அங்கிருந்து வரும். தலையைக் கழற்றும்போது அதைச் சூடான நீரில் சில நிமிடம் பிடித்து இளக்கிய பின்னரே இழுக்க வேண்டும், இல்லையேல் உள்ளே இருக்கும் குமிழ் முறியும். இப்படி ஒன்றின் தலையை இன்னொன்றின் உடலில் பூட்டினால் சேகரிப்பு மதிப்பு போய்விடும் என்பது உண்மைதான், விளையாட்டுப் பொம்மைக்கு அது பொருட்டில்லை. பின்னால் யாருக்காவது கொடுக்கும்போது அதைச் சொல்லிவிட வேண்டும்.

கைகள் கழன்ற கண்மூடிப் பொம்மையைப் பற்றி அதிகம் கவலைப்பட்டிருந்தீர்கள், அதைத் திருத்துவது எளிது. உடலுக்குள் ஒரு இறப்பர் வளையம் இரு கைகளையும், இன்னொன்று கால்களையும் தலையையும் கொக்கிகளால் இழுத்துப் பிடித்திருக்கும். இறப்பர் உலர்ந்து அறுந்ததுதான் நடந்திருக்கிறது. தையல் சாமான் கடையில் உருண்டையான இலாஸ்டிக் நாடா வாங்கி, பழையதைவிடச் சற்றுக் குறைந்த நீளத்தில் இரட்டையாக முடிந்து, ஒரு கையின் கொக்கியில் மாட்டி, நீண்ட குரோசே ஊசியை மறுபக்கத் தோள் துளையால் விட்டு இழுத்து, மற்றக் கையில் மாட்ட வேண்டும். இழுத்துப் பிடிக்க ஒருவர், மாட்ட ஒருவர் என்று இருவர் இருந்தால் நல்லது. தூக்கிய கை தானாக விழாமல் நிற்க வேண்டும், அதே சமயம் விட்டவுடன் தோளில் பட்டென்று மோதவும் கூடாது. அதுவே சரியான இழுவை. தலைக்குள் நீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போனால் கண்ணின் உட்பாகம் துருவேறி, இமை பாதியில் நின்றுவிடும்.

சுத்தம் செய்வதில் செய்யக்கூடாதவை சில. நகப்பூச்சு அகற்றியும் தின்னரும் முகத்தின் வண்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்தே கரைத்துவிடும். பேனை மையும், பழைய பார்பிகளின் உலோகத் தோட்டால் காதில் ஏறிய பச்சைக் கறையும் போக, பென்சொயில் பேரொட்சைட்டு உள்ள முகப்பருக் களிம்பைக் கறை மீது மட்டும் தடவி வெயிலில் வைப்பார்கள். பல நாள் எடுக்கும், பலன் தரும், சில வேளை அந்த இடம் மட்டும் வெளிறியும் போகும். விளையாட்டுப் பொம்மையின் காதில் பச்சை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்றே நான் சொல்வேன். அலுமாரிக்குள் நப்தலின் உருண்டை போடும் வழக்கத்தைப் பொம்மைகள் இருக்கும் தட்டில் கைவிடுங்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும். துணிப் பொம்மையில் பூச்சி இருந்தால் பொலித்தீனில் இறுகச் சுற்றி ஆழ்குளிர்ப் பெட்டியில் இரண்டு கிழமை வைத்து எடுங்கள்.

வைக்கும் இடம் வீட்டின் உட்சுவரை ஒட்டிய மர அலுமாரியின் கீழ்த்தட்டாக இருக்கட்டும். கடலைப் பார்த்த சுவரில் உப்பு ஈரம் ஏறும். கூரைத் தகட்டுக்கு அருகில், வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், வைனைல் உருகாவிட்டாலும் வளையும். மாரி தொடங்கும் ஐப்பசியில் ஒருமுறையும் அது ஓய்ந்த பின் ஒருமுறையும் எல்லாவற்றையும் வெளியே எடுத்து மணந்து பார்த்து வையுங்கள். தட்டு நிரம்பினால் சேகரிப்பு நிரம்பிவிட்டது என்று கொள்ளுங்கள்; புதிதாக ஒன்று வந்தால் ஒன்று போக வேண்டும்.

மாமியின் பொம்மையை இந்தக் கணக்குகளில் எதிலும் சேர்க்க வேண்டாம். 1990 இல் ஊரைவிட்டு ஓடும்போது கையில் எடுத்துப் போனது, 2004 டிசம்பர் 26 இல் கடல் நீரில் மூழ்கியும் கிடைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பல குடும்பங்களிடம் பிள்ளைப் பருவத்து நிழற்படம்கூட இல்லை. ஒரு கண் திறக்காததும் முடி உதிர்ந்ததும் அதன் வரலாற்றின் பகுதி, திருத்த முயல வேண்டாம். உலர்ந்த மென்தூரிகையால் தூசியைத் தட்டி, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அதை வாங்கித் தந்தவர் யார், எந்தக் கடையில், எந்த ஆண்டில், அதற்கு என்ன பெயர் என்பதை மாமியிடம் கேட்டு, பேனையால் அல்லாமல் பென்சிலால் ஒரு தாளில் எழுதி அதோடு வையுங்கள். மையின் சாயம் வைனைலில் இறங்கும். பிள்ளைகள் கேட்டால் மாமி முன்னிலையில் எடுத்துக் காட்டலாம், விளையாடவும் விடலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

விடுவதென்று தீர்மானித்தவற்றில், எண்பதுகளுக்குப் பிந்திய, உடையாத, ஒட்டாத, மணமில்லாத பொம்மைகளைக் கழுவி, சட்டை போட்டு, அயலிலுள்ள பெரிய பிள்ளைகளுக்குக் கொடுங்கள். முன்பள்ளிக்குக் கொடுக்கும் எண்ணம் நல்லதுதான், ஆனால் அங்குள்ளவர்கள் எதையும் வாயில் வைக்கும் வயதினர். அங்கே துணிப் பொம்மைகளை மட்டும் கொடுத்தால் போதும். ஒட்டும் கால்களும் வெடித்த பெரிய பொம்மையும் யாருக்கும் பயன்படாது. அவற்றை முற்றத்தில் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட வேண்டாம். பிவிசி எரிந்தால் ஐதரோகுளோரிக் அமில வாயுவும் டையொக்சின் நச்சுகளும் வரும், செலுலோயிட் பொம்மையோ நீங்கள் பின்வாங்குவதற்குள் தீச்சுவாலையாக எழும். வைனைலையும் கடினப் பிளாஸ்டிக்கையும் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள். செலுலோயிட்டை வண்டிக்காரரிடம் தனிப் பையில், எளிதில் தீப்பற்றும் என்று சொல்லிக் கொடுங்கள். கொடுக்கும் நாள்வரை அது வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில், காற்றுப்புகும் கடதாசிப் பெட்டியில் இருக்கட்டும்.